மண்ணாங்கட்டி பதில்கள்

போன இதழில் போகிற போக்கில், "டெல்டா மண் ஒன்றல்ல, அஞ்சாறு" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வந்தது வினை. இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் மண்தான். முப்பத்தோரு வருஷம் மண் பரிசோதனை நிலையத்தில் சல்லடையும் கையுமாகக் கிடந்தவனுக்கு அதில் வருத்தமா என்ன. ஒரு வாசகி மண்ணையே பாட்டிலில் அடைத்து அனுப்பியிருக்கிறார். அதைக் கடைசியில் திறப்போம்.

கேள்வி: எனக்குப் பிறந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு நாலு வருஷம் ஆகிறது. பஸ்ஸில் ரெண்டு மணி நேரத் தூரம்தான், ஆனால் வீடு, சமையல், மழை பெய்தால் நடந்துகொள்கிற விதம் எல்லாமே வேறு. மாமியாரைக் கேட்டால் "மண்ணு அப்படிம்மா" என்கிறார். நிஜமா, வாயை அடைக்கச் சொல்கிறாரா? (ஒரு வாசகி)

பதில்: நிஜம்தான் தங்கச்சி. உங்கள் மாமியாரை என் ஆய்வகத்தில் வேலைக்கு வைத்திருக்கலாம்.

உங்கள் பிறந்த வீட்டு மண் செம்மண். மழை பெய்தால் குடித்துவிடும். விட்ட அரை மணியில் செருப்போடு தெருவில் நடக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம். இங்கே களி. ஒரு தூறல் போட்டாலே காலுக்கு ஒரு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். வாசலில் அண்டாவும் செம்பும் வைத்திருப்பதை நீங்கள் ஆசாரம் என்று நினைத்திருப்பீர்கள். ஆசாரமும் இருக்கலாம், முதல் காரணம் சேறு.

இதே களி மாசி, பங்குனியில் பாளம் பாளமாக வெடிக்கும். தண்ணீர் குடித்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற குணம் அதற்கு. முழங்கை வரை வெடிப்புக்குள் விடலாம். 1989-ல் என் சைக்கிள் சாவி அப்படி ஒரு வெடிப்பில் விழுந்தது. குச்சி விட்டுத் துழாவினேன், கம்பி விட்டுப் பார்த்தேன். கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன். இப்படி மூச்சு விடுகிற மண்ணில் சுவர் வைத்தால் என்ன ஆகும்? உங்கள் ஊரில் செம்மண்ணைக் குழைத்தே சுவர் எழுப்பிவிடலாம், தலைமுறை தாண்டி நிற்கும். இங்கே வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் ஆற்று மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கின பிறகுதான் கொத்தனார் செங்கல்லைத் தொடுவார். பழைய வீடுகளில் மனையை மேடாக்க மண் வெட்டின இடம்தான் கொல்லைக் குட்டை. அதில் வாத்து, கெளுத்தி, தாமரை, கொசு. (கல் வேண்டுமென்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கம் கல் தடுக்கி விழவே பஸ் ஏறி வல்லம் தாண்டிப் போக வேண்டும். 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்து வந்ததுதான். அதற்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கோயில்களில் பல செங்கல் கட்டடம். சோழ அரசி செம்பியன் மாதேவி ஒவ்வொன்றாகக் கற்றளியாக்கினார்.)

அடுத்தது சாப்பாடு. உங்கள் அம்மா வீட்டுச் சட்னியில் நிலக்கடலை இருக்கும். கடலையின் விழுது மண்ணுக்குள் இறங்கவும் வேண்டும், பிறகு நாம் பிடுங்கினால் காய் அறாமல் வரவும் வேண்டும். பொலபொலவென்ற மண்ணில்தான் ரெண்டும் நடக்கும். களியில் கடலை போட்டால் பிடுங்கக் கடப்பாரை தேவைப்படும்! இங்கே உளுந்தும் பச்சைப் பயறும். தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நெல் நிற்கிற வயலுக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுவோம். மண் அப்போது "மெழுகுப் பதத்தில்" இருக்க வேண்டும். காலை வைத்தால் அடி பதிய வேண்டும், தண்ணீர் ஊறக் கூடாது. உழவு இல்லை, உரம் இல்லை, பாசனம் இல்லை. களி பிடித்து வைத்திருக்கிற ஈரம், மேலே பனி, அவ்வளவுதான். ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கிருந்து வந்த ஏ.டி.டி. 3 உளுந்து இந்த நெல் தரிசுக்கென்றே பொருந்தின ரகம். உங்கள் மாமியார் வீட்டு இட்லி பஞ்சாக இருந்தால் பாதிப் பெருமை அந்த மெழுகுப் பதத்துக்கு. இப்போது அறுப்பு மெஷின் இறங்கி முளைத்த உளுந்தைச் சக்கரத்தில் நசுக்குவதால் பலர் தெளிப்பதை விட்டுவிட்டார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

இன்னொன்று. உங்கள் பக்கத்துக்குக் காவிரித் தண்ணீர் வந்ததே மேட்டூர் அணையோடு, 1934 வாக்கில்தான். கல்லணைக் கால்வாயை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் "புது ஆறு" என்றுதானே சொல்கிறார்கள்? அதற்கு முன் ஏரி, கிணறு, வானம். அதனால் உங்கள் ஊர்க்காரருக்குத் தண்ணீர் கடன் வாங்கின பணம் மாதிரி, எண்ணிச் செலவழிப்பார். எங்கள் ஊர்க்காரருக்கு அது பாட்டன் சொத்து. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை என்றால் மறுநாளே பஸ் மறிப்பார். பேச்சின் வேகம்கூட இதில்தான் மாறுகிறது என்பது என் எண்ணம், நிரூபிக்க முடியாது. என் அப்பாயி பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வி, "செம்மண்ணுப் பொண்ணா? சேத்துல கால் நிக்குமா?" உங்களுக்கு நாலு வருஷமாக நின்றுவிட்டது. போதும்.

கேள்வி: ஆய்வகம் போகாமல் கையாலேயே என் வயல் மண்ணைத் தெரிந்துகொள்ள முடியுமா? (குத்தாலம் வாசகர்)

பதில்: முடியும். எலுமிச்சம்பழ அளவு மண்ணெடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு மாதிரி பிசையுங்கள். உருண்டையே பிடிக்க வராமல் உதிர்ந்தால் மணல். உருண்டை வந்து, திரிக்கும்போது அறுந்து போனால் இருமண்பாடு, அதாவது மணலும் களியும் கலந்தது, கொடுத்துவைத்தவர் நீங்கள். பென்சில் கனத்துக்குத் திரித்து, வளையலாக வளைத்தும் விரிசல் விடவில்லையா, அசல் களி. நான் பார்த்த குயவர் ஒருவர் இவ்வளவெல்லாம் மெனக்கெட மாட்டார். ஒரு துணுக்கை முன்பல்லில் வைத்து நெறிப்பார். நறநற என்றால் "மணலு இருக்கு, பானைக்கு ஆகும்" என்பார். வழவழவென்று போனால் ஆற்று மணல் எத்தனை கூடை கலக்க வேண்டும் என்பதையும் அதே பல்லால் சொல்லிவிடுவார். வெறும் களி சூளையில் வெடித்துவிடும், வெறும் மணல் சக்கரத்தில் எழும்பாது.

கேள்வி: சுவாமிமலை சிற்பிகள் காவிரி வண்டல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்களே, இது விளம்பரமா? வேறு மண்ணில் வார்த்தால் சாமி வராதா? (திருச்சி கல்லூரி மாணவர்)

பதில்: சாமி வருவார் தம்பி, மூக்கு வராது.

விளையாட்டில்லை. முதலில் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கி மெழுகுப் பொம்மை செய்கிறார்கள். நகம், புருவம், ஆபரணம் எல்லாம் மெழுகிலேயே. அதன்மேல் மண் பூச வேண்டும். இந்த முதல் பூச்சுக்குத்தான் வண்டல். மாவு மாதிரி நைசாக இருப்பதால் புருவக் கீறல் வரைக்கும் போய் உட்காரும். நிழலில் காயவைப்பார்கள். அடுத்தது வயல் களியும் மணலும் கலந்தது. அதற்கு மேல் கரடுமுரடாக இன்னொன்று. பெரிய சிலை என்றால் கம்பி கட்டுவார்கள். பிறகு சூட்டில் மெழுகு உருகி வெளியே ஓட, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை விடுகிறார்கள். உள்ளே மாட்டின காற்று மண்ணின் வழியே தப்பிக்க வேண்டும். தப்பிக்காவிட்டால் சிலையில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. வெறும் களி காற்றை விடாது, சூட்டில் விரிசலும் விடும். வெறும் மணல் நுணுக்கத்தைப் பிடிக்காது. ரெண்டுக்கும் நடுவில் நிற்கிற மண்ணைக் காவிரி அந்தக் கரையில் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

தாராசுரம் கோயில் வேலைக்கு வந்த ஸ்தபதிகளின் வழிவந்தவர்கள் என்று சுவாமிமலையில் சொல்லிக்கொள்வார்கள். வேலை முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் இருந்ததற்கு மண்ணும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்ப்பதும் இதே ஆற்றுப் படுகை மண்ணை நம்பித்தான்.

கேள்வி: நாங்கள் வேதாரண்யம் பக்கம். மணல், முல்லைப் பூ, புகையிலை, உப்பு. நெல்லே முக்கியம் இல்லாத எங்களையும் டெல்டாக்காரர் என்று சேர்ப்பது நியாயமா? (ஒரு வாசகர்)

பதில்: டெல்டா என்றால் வயல் மட்டும் என்று யார் சொன்னது? ஆறு வந்து முடிகிற இடம் உங்களுடையது. ஆறு களியைக் கொண்டுவந்து விட, கடலும் காற்றும் மணலை மேடாகத் தள்ளின. அதனால்தான் உங்கள் பக்கம் ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி மேடு. மேட்டு மணலில் பெய்த மழை, அடியிலிருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மோர்மேல் வெண்ணெய் மாதிரி மிதக்கிறது. ஆளுயரம் தோண்டினால் நல்ல தண்ணீர், பேராசைப்பட்டு இன்னும் தோண்டினால் உப்பு. அந்தக் குழியிலிருந்து குடத்தால் மொண்டு செடிக்குச் செடி ஊற்றிப் புகையிலை வளர்த்த கைகளுக்கு வாய்க்கால் பாசனக்காரன் சோம்பேறியாகத் தெரிந்திருப்பான். தப்பில்லை.

உப்பளம் மேட்டில் ஆகாது, பள்ளத்தில்தான் ஆகும். பாத்தியின் தரை களியாக இருந்தால்தான் உப்புநீர் கீழே இறங்காமல் வெயிலில் வற்றும். மிதித்து மிதித்து அதைச் சிமெண்டுத் தரை மாதிரி ஆக்குவது தனி வித்தை. 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியில் கிளம்பிய ராஜாஜி 28-ல் வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானார். கடற்கரை எங்கும் இருக்கிறது, ஆனால் உப்புக் காய்ச்சுகிற களித்தரை எங்கும் கிடைக்காது. வழியெல்லாம் சோறு போட்டது நெல் ஊர்கள், போய்ச் சேர்ந்தது உப்பு ஊர். ஒரே டெல்டாதான்.

கேள்வி: உவர் நிலம், களர் நிலம் ரெண்டும் ஒன்றுதானே? (கீழ்வேளூர் வாசகர்)

பதில்: நானும் படித்து முடித்து வந்த புதிதில் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். அதற்கு ஒருவர் விலை கொடுத்தார்.

தலைஞாயிறு பக்கம் ஒரு வயல். மேலே வெள்ளை பூத்திருந்தது. மாதிரி எடுத்து முடிவு வருமுன்னே, "களர்தான், ஜிப்சம் போடுங்க" என்று மேதாவித்தனமாகச் சொல்லிவிட்டேன். அவர் எட்டு மூட்டை வாங்கி இறக்கிவிட்டார். அண்டை வயலில் நாற்று முடி பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தலை நிமிராமலே சொன்னார்: "இது களரு இல்லீங்க, உவரு. விடியக்காலம் நடந்து பாருங்க, ஈரம் கால்ல ஒட்டும். களருல தண்ணி கட்டுனா கலங்கியே நிக்கும், தெளியாது. இதுல தெளிஞ்சுரும்." ஆய்வக முடிவு வந்தது. கார அமில நிலை 8.5-க்குக் கீழே, மின்கடத்தும் திறன் எக்கச்சக்கம். உவர்.

வித்தியாசம் இதுதான். உவரில் கரையும் உப்பு அதிகம். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் போய்விடும். களரில் சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணைப் பிசினாக்கிவிடும், அதை விரட்டத்தான் ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்த எட்டு மூட்டைப் பணத்தை நான் கொடுக்க முயன்றபோது அவர் வாங்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் கடல் ஏறின வயல்களைப் பார்த்து, இனி பத்து வருஷத்துக்குப் புல் முளைக்காது என்று பேசினார்கள். எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம். கடல் விட்டுப்போனது முக்கால்வாசி உவர்தானே! கடல்சேற்றை வழித்தெடுத்து, வடிகாலைத் திறந்து, பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதார்கள். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை மீதியைக் கழுவியது. நிறைய இடங்களில் மறு சம்பாவே நட்டார்கள்.

ஒரு கொசுறு. நெல்லுக்கு ஆகாத மண் சலவைத் தொழிலாளிக்குச் சோறு போட்டது. கோடையில் பொங்கிப் பூக்கிற மண்ணைச் சுரண்டி வந்து துணியை நனைத்து வெள்ளாவி வைப்பார்கள். அதையும் உவர்மண் என்றுதான் சொல்வார்கள், ஆனால் அதில் வேலை செய்வது சமையல் உப்பல்ல, சலவைச் சோடா.

கேள்வி: மண்ணோடு பிணைந்த தஞ்சைப் பண்பாட்டைப் பற்றிப் பெருமையாக நாலு வரி எழுதுங்களேன். எப்போதும் ரசாயனமே பேசுகிறீர்கள். (கும்பகோணம் வாசகர்)

பதில்: எழுதலாம். யாருடைய மண் என்று கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

மேலே சொன்ன அந்த அம்மாவுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. மண்ணை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். எந்த மூலையில் கால் புதையும், எந்த வரப்பில் நண்டு வளை போட்டிருக்கும், எங்கே நாற்று கருகும் என்பதெல்லாம் பண்ணையாளுக்குத் தெரியும். வேலி (பழைய நில அளவு) கணக்கில் நிலம் வைத்திருந்தவருக்குத் தெரிந்தது பதிவேட்டில் "மண் வயனமும் ரகமும்" என்ற கட்டத்தில் எழுதின எண்ணும், அதற்கான தீர்வையும். பண்ணையாளைச் சட்டென்று வெளியேற்றக் கூடாது என்று தஞ்சாவூருக்கென்றே 1952-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனதும் இதே வண்டல் மேல்தான், கூலித் தகராறில்.

பண்பாடு அவர்கள் வீட்டிலும் இருந்தது. நடவு நட்டுச் சேற்றுப்புண் வந்த விரலிடுக்கில் ராத்திரி மருதாணி அரைத்து வைப்பார்கள். கல்யாணப் பெண்ணுக்கு வைக்கிற அதே மருதாணி. சளி பிடித்தால் வயல் நண்டை இடித்து ரசம். களி இல்லாத ஊரில் அந்த நண்டும் இல்லை, ரசமும் இல்லை. கும்பகோணம் என்கிறீர்கள், உங்களுக்குப் பெருமைக்குக் கொடிக்கால் இருக்கிறதே. ராஜகிரி, பண்டாரவாடை, ஆவூர்ப் பக்கம் அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடியைப் பதித்து, ஓடையிலிருந்து மண்ணை வாரி வாரி அணைத்துக் கவுளி கவுளியாகக் கிள்ளுகிறார்கள். 2025-ல் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மாதம் முழுக்க ஓடைக்குள் குனிந்து நிற்பவரிடம் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு நாலு வரி நீங்களே எழுதி அனுப்புங்கள், நான் போடுகிறேன்.

கேள்வி: வாய்க்கால் தூர்வாரின மண்ணை வயலில் கொட்டலாமா? (வலங்கைமான்)

பதில்: குப்பை, பாட்டில், சாக்கடை சேராத இடமாக இருந்தால் தாராளமாக. மேட்டூர் வருவதற்கு முன் ஆடிப் புதுவெள்ளம் செக்கச்செவேலென்று வந்து, வயலுக்கு வயல் வண்டலை வைத்துவிட்டுப் போகும் என்று என் தாத்தா சொல்வார். இப்போது அதில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. நமக்கு வருவது வடிகட்டின தண்ணீர். ஆகவே மண்ணை நாம்தான் தூக்கிவர வேண்டும். குளத்து வண்டல் என்றால் தாசில்தாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எடுங்கள்.

கேள்வி: ராமநாதபுரத்துக் கீதாரிகள் எங்கள் ஊருக்குக் கிடை போட வருவது குறைந்துவிட்டதே? (நீடாமங்கலம்)

பதில்: அறுப்புக்கும் அடுத்த உழவுக்கும் நடுவில் நிலம் சும்மா கிடந்தால்தானே ஆடு மேயும்? போர் போட்டு வருஷம் முழுக்கப் பயிர் வைத்தால் அவர்கள் எங்கே பட்டி அடிப்பார்கள்? ராத்திரிக்கு ராத்திரி பட்டியை மாற்றி வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் விழச் செய்வார்கள். களிக்கு அது யூரியா மட்டுமல்ல, மண்ணைப் பொலபொலப்பாக்குகிற மருந்தும்கூட. வந்தால் நல்ல கூலி கொடுங்கள், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டக் குளத்தைத் திறந்து விடுங்கள்.

கேள்வி: அப்பா இறந்த பிறகு அண்ணன்கள் நிலத்தை விற்றுவிட்டார்கள். பத்திரப் பதிவுக்கு முதல் நாள் போய் ஒரு பாட்டில் மண் அள்ளி வந்தேன். சென்னையில் பீரோவில் இருக்கிறது. அதில் கொஞ்சம் பிரித்து அனுப்புகிறேன். என்ன மண், என்ன இருக்கிறது? சத்து எவ்வளவு என்று வேண்டாம். (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

பதில்: ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால்வாசி. பேப்பரில் கொட்டி, கண்ணாடி போட்டுப் பார்த்தேன் அம்மா. கறுப்புக்குக் கொஞ்சம் குறைவான களி, திரித்தால் வளையல் வருகிறது, நுனியில் ஒரே ஒரு விரிசல். ரெண்டு பதர். அதனால் களத்துக்குப் பக்கத்து வயலாக இருக்க வேண்டும். நூல் மாதிரி ஒரு காய்ந்த வேர், அதில் குண்டூசித் தலை அளவு மூன்று முடிச்சு, பயறு வகைச் செடிகளின் வேரில் வருகிற முடிச்சு. உளுந்தோ பயறோ, அப்பா கடைசி வரை தை மாதம் தெளித்திருக்கிறார். அரிசி அளவு ஒரு நத்தை ஓடு. ஒரு செங்கல் பொடி, அது எப்படி வந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும், பக்கத்தில் போர் செட் கொட்டகை இருந்ததா?

பார்த்த மண்ணை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். வேரையும் ஓட்டையும் மட்டும் தனியாகக் காகிதத்தில் மடித்து மேலே வைத்திருக்கிறேன். உங்களிடமுள்ள பாட்டிலின் மூடியை இறுக்கி வைக்க வேண்டாம். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு நாள் வெயிலில் பரப்பிக் காயவைத்துவிட்டு, துணியால் கட்டுங்கள்.